சேலம், நாமக்கல் சமவெளியில் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கொள்கை

சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகளின் அடிவாரத்திலிருந்து காவிரிக் கரைவரை பரந்து கிடக்கும் வறண்ட மேட்டு நிலம் இச்சமவெளி. நாமக்கல் 1997 சனவரி 1 இல் தனி மாவட்டமாகும்வரை இரண்டும் ஒரே சேலம் மாவட்டம். சென்னைக் கோட்டையில் தொழிற்கொள்கை மாறியபோதெல்லாம் அதன் பலனும் குறையும் இங்கே தெளிவாகத் தெரிந்தன.

1934 இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை தண்ணீரோடு மின்சாரமும் தந்தது. 1936 இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவப்பட்டது. 1960களில் மால்கோ அலுமினிய ஆலை இயங்கத் தொடங்கியது. ஆனால் 1951 ஆம் ஆண்டுத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பிறகு பெருந்தொழில் உரிமம் டெல்லியின் கையில் இருந்தது. நிலம், நீர், மின்சாரம், கடன் ஆகியவையே மாநிலத்தின் கையில் எஞ்சின. காமராசர் ஆட்சியும் தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமனும் அவற்றைக் கொண்டே தொழிற்பேட்டைகளையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளையும் வளர்த்தார்கள். மோகனூர் ஆலை அந்தக் காலத்து விதை.

அக்காலத்தின் பெருங்கனவு சேலம் உருக்காலை. கஞ்சமலை இரும்புத் தாதையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் சேர்த்து உருக்கு வார்க்கலாம் என்பது திட்டம். டெல்லி இழுத்தடித்தது. 1967 இல் முதல்வர் அண்ணா உருக்காலைக்காகவும் சேதுக் கால்வாய்க்காகவும் எழுச்சி நாள் நடத்த அழைத்தார். மாநில அரசே மத்திய முதலீட்டுக்காக மக்களைத் தெருவுக்கு அழைத்தது அரிய நிகழ்ச்சி. 1970 செப்டம்பர் 16 இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். உற்பத்தி தொடங்கவோ 1981 ஆயிற்று. அப்போதும் வெளியிலிருந்து வந்த சுருள்களைத் தகடாக உருட்டும் துருப்பிடிக்கா எஃகு ஆலையாகவே அது பிறந்தது. கஞ்சமலைத் தாதுக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. உருக்குப் பிரிவு வந்தது 2010 இல்தான். அரைத் தலைமுறைக் காத்திருப்புக்கு இது மிகக் குறைந்த கைம்மாறு.

இதற்கிடையே உள்ளூர்க்காரர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் மலாயா ஜவ்வரிசி நின்றபோது சேலத்தார் குச்சிக்கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். ஆலைகள் பெருகின, விலையை மட்டும் இடைத்தரகர் வைத்தார். மூட்டையை இருப்பு வைக்கக் கிடங்கு இல்லாதவர் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார். 1981 இல் அரசு ஆதரவுடன் தோன்றிய சேகோசர்வ் என்னும் தொழிற்கூட்டுறவுச் சங்கம் கிடங்கு கொடுத்தது, சரக்கின் பேரில் முன்பணம் கொடுத்தது, மறைமுக ஏலத்தில் விற்றுத் தந்தது. புதிய ஆலை எதையும் அரசு கட்டவில்லை. இருக்கும் தொழிலுக்குச் சந்தையைச் செம்மைப்படுத்தியது. இப்பகுதியில் அரசு செய்தவற்றுள் மிகச் சிறந்தது இதுவே.

இதற்கு இணையானது முட்டை. 1982 இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவில், 1989 இல் கருணாநிதி ஆட்சி இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. 2010 இல் அது வாரம் ஐந்து நாளாயிற்று. நாமக்கல் கோழிப்பண்ணைகள் அதற்கு முன்பே வளர்ந்தவை. 1985 இல் அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்திருந்தது. என்றாலும் பள்ளிப் பிள்ளையின் தட்டு பண்ணைக்காரருக்கு நிலையான வாடிக்கையானது. நலத்திட்டம் வேறு, தொழிற்கொள்கை வேறு என்று பிரிப்போர் இதைக் கவனிக்க வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளுக்கு 2006 முதல் இரு மாதத்துக்கு 500 யூனிட் இலவச மின்சாரமும் அப்படித்தான். 2016 இல் 750, 2023 இல் 1,000 என அது உயர்ந்தது. ஆனால் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் சொந்தக் கையூன்றி எழுந்தவை.

1991 க்குப் பின் உரிமக் கட்டுப்பாடு தளர்ந்தது. மாநிலங்கள் முதலீட்டுக்குப் போட்டியிட்டன. பெரிய கார் ஆலைகள் சென்னையைச் சுற்றி அமர்ந்தன. 2012 இன் தொலைநோக்குத் திட்டம் 2023, 2015 முதல் நடந்த முதலீட்டாளர் மாநாடுகள், 2019 இல் சேலத்தையும் ஒரு முனையமாகக் கொண்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று பேச்சு வழித்தடங்களுக்கு மாறியது. 2018 இல் அறிவித்த 277 கி.மீ. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு உழவர் எதிர்ப்பு மூண்டது. 2019 இல் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது; 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நிலம் கொடுப்பவரைக் கேட்காத வளர்ச்சிக்கு இச்சமவெளி இசையவில்லை.

2023 இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தது சேகோசர்வ்.