மடியில் வைத்த கிதாரும் அதன் தந்திகளும்



காப்பார் பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர் பழைய மின்சார ஹவாயன் கிதார் ஒன்றை, சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியில் வாங்கியிருக்கிறார். சாதாரணக் கிதாரின் தந்திகளையே அதில் கட்டினாராம். எஃகுத் துண்டை வைத்து இழுத்தால் தந்தி அமுங்குகிறது, அதிர்கிறது, சுருதி நிற்பதில்லை. "கருவி பழுதா, என் கை பழுதா?" என்று கேட்கிறார். இரண்டும் இல்லை, தம்பி. தந்தியின் கனம் பொருந்தவில்லை. காரணம் இக்கருவியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவில் ஜோசப் கெக்குகு என்ற மாணவர், கிதாரை மடியில் படுக்க வைத்து, தந்திமேல் எஃகுத் துண்டை நகர்த்தி வாசித்தார். ரயில் பாதையில் கிடந்த திருகாணி அவருக்கு வழி காட்டியது என்று ஒரு கதையும் உண்டு. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை உலகெங்கும் பரவியது.

நமக்கு இம்முறை புதிதன்று. தஞ்சைச் சீமையில் திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்றோர் வளர்த்த கோட்டுவாத்தியத்திலும் மெட்டுகள் இல்லை. கருங்காலிக் கட்டை தந்திமேல் வழுக்கிச் செல்லும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியின்றி இழைய வேண்டும் என்ற ஆசை இங்கும் அங்கும் ஒன்றுதான். டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். பிரிஜ் பூஷண் காப்ரா இக்கிதாரில் ராகம் வாசித்துக் காட்டினார். விஷ்வ மோகன் பட் 1994இல் கிராமி விருதே பெற்றார்.

இடையில், 1932இல் ரிக்கன்பேக்கர் நிறுவனம் வாணலி போன்ற உருவத்தில் அலுமினிய மின்சாரக் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் மடியில் வைத்து வாசிப்பதுதான். அதிலுள்ள காந்தம் எஃகுத் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகிறது. குடல் நரம்பைக் கட்டினால் ஒலியே வராது.

இனி தந்திக்கு வருவோம். விரலால் அழுத்தி வளைக்கும் கிதாருக்கு மெல்லிய தந்தி சுகம். மடிக்கிதாரில் கனத்த எஃகு தந்திமேல் உட்காருகிறது. லயத்து வாசலில் தளர்ந்த துணிக்கொடியில் ஈரப் புடவையைப் போட்டால் என்ன ஆகும்? அதுவே இங்கும் நடக்கிறது.

தந்தியின் தடிப்பை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக அளப்பார்கள். 22½ அங்குல நீளக் கருவியில், மேல் 'ஈ' சுருதிக்கு 10 அளவுத் தந்தி சுமார் 6 கிலோ இழுவையில் நிற்கும். 15 அளவுத் தந்தி சுமார் 13 கிலோவில் நிற்கும். தடிப்பு ஒன்றரை மடங்கு, இழுவையோ இரண்டேகால் மடங்கு! அந்த விறைப்புதான் எஃகைத் தாங்குகிறது.

ஆகவே முதலில் சுருதியை முடிவு செய்யுங்கள். மேல் தந்தியை 'டி'க்கு இறக்கினால் 16 அல்லது 17 வேண்டும். சாதாரணக் கிதாரின் ஆறாம் தந்தியை 'ஈ'யிலிருந்து 'ஜி'க்கு ஏற்றினாலோ, இழுவை நூற்றுக்கு 41 பங்கு கூடிவிடும். அங்கே மெல்லிய தந்தியே சரி. எல்லாவற்றிலும் தடித்ததுதான் நல்லது என்பதில்லை.

தடித்த தந்தி சீக்கிரம் அறுமோ என்ற பயம் வேண்டாம். தடிப்போடு வலுவும் சேர்ந்தே கூடுகிறது. ஆனால் பழைய கருவியின் குதிரையும் பிருடைகளும் அந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.