பேர்போன ஊர்



“உங்க ஊர்ல பரோட்டாவை விட்டா வேற என்னப்பா இருக்கு?” வெளியூரிலிருந்து நம் கல்லூரிக்கு வந்த ஹாஸ்டல் நண்பர்கள் ஒரு தடவையாவது கேட்ட கேள்வி இது. எண்ணெயில் முறுகப் பொரித்து, பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊறவிட்டுச் சாப்பிடும் அந்தப் பரோட்டாவுக்கு நான் எதிரி அல்ல. வத்தல், பருப்பு, எண்ணெய்க்கு விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் தேடும் வியாபாரிகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. அதுவும் பெருமைதான். ஆனால் ‘தமிழ்நாடு’ என்ற அந்தப் பேருக்காகவே நம்ம ஊர்க்காரர் ஒருவர் உயிரை விட்டார் என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

பேர் மாறுவது நமக்குப் புதிதல்ல. விருதுகள் குவித்த வீரன் ஒருவன் சவால் விட்டு வந்து இங்கே வெட்டுப்பட்டானாம். அதனால் ‘விருதுவெட்டி’, அது திரிந்து ‘விருதுபட்டி’ என்பார்கள் பெரியவர்கள். கதை கதையாகவே இருக்கட்டும். 1923-ல் பட்டி நகரானது. 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து காமராஜர் மாவட்டம் ஆனோம். 1997-ல் மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பேரையெல்லாம் எடுத்தபோது மறுபடியும் விருதுநகர். வீட்டை விட்டு நகராமலே விலாசம் மாறிய பாட்டிமார்கள் இங்கே உண்டு!

சூலக்கரை மேட்டை பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருப்போம். 1956 ஜூலை 27 அன்று அங்கேதான் தன்னந்தனியாக உண்ணாவிரதம் உட்கார்ந்தார் சங்கரலிங்கனார். பக்கத்து மண்மலைமேட்டில் பிறந்தவர், காந்தியவாதி, வயது 61. கோரிக்கைகள் 12. சென்னை ராஜ்யத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பேர் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தலைவர்கள் ஆடம்பரமில்லாமல் வாழ வேண்டும், நாடு முழுக்க மதுவிலக்கு வேண்டும் என்றும் கேட்டார். (இவற்றை மட்டும் மேடையில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை!)

பிறகு ஊருக்குள் தேசபந்து மைதானத்துக்கு இடம் மாறியது. அண்ணா நேரில் வந்து பார்த்தார். நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்கள் பலர். மனுஷர் அசையவில்லை. 76 நாள். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்டோபர் 13-ல் உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படியே உடல் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 19 நாள் கழித்து, நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. நம்முடையது சென்னை ராஜ்யமாகவே நின்றது.

அப்போது முதலமைச்சர் யார்? 1903-ல் இதே விருதுபட்டியில் பிறந்த காமராஜர். ஒரே மண்ணின் இரண்டு கதராடைக்காரர்கள்! நாம் பெருந்தலைவரைக் கும்பிடுகிறவர்கள். கும்பிட வேண்டியதுதான், அவர் திறந்த பள்ளிக்கூடங்களும் மதிய உணவும் இல்லையென்றால் நம்மில் பல பேருடைய அப்பாக்கள் எழுத்துக்கூட்டிப் படித்திருக்க மாட்டார்கள். அதற்காக இந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டி வைத்துவிட்டு ஊர் வரலாறு பேசுவது சரியாக எனக்குப் படவில்லை. இரண்டு பேருமே நம்மவர்கள்தானே?

1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜர், சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அதே ஆண்டு ஜூலை 18-ல் பேர் மாற்றத் தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14, பொங்கலன்று அமலுக்கு வந்தது.

மாணவத் தம்பி தங்கைகளே, சந்திப்புக்கு வரும் அண்ணன்மார்கள் பரோட்டாக் கடைக்கு வழி கேட்பார்கள். அப்படியே தேசபந்து மைதானத்தையும் காட்டி, சங்கரலிங்கனார் மணிமண்டபத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். கடை சாயங்காலம்தான் சூடு பிடிக்கும். அதுவரை நேரம் இருக்கிறது.