காணாமற்போன விமானமும் நான் சொன்ன ஒரு கதையும்

2014 மார்ச் மாதம். அஜக்ஸில் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. சனிக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் கூடிக் கோப்பி குடிக்கிற கடையில் அந்த மாதம் முழுக்க ஒரே கதைதான். மலேசிய விமானம் எங்கே போனது?

ட்ரக் ஓடுகிற நண்பர் டியேகோ கார்சியா தீவில் அமெரிக்கன் இறக்கி வைத்திருக்கிறான் என்றார். கணக்காளராக இருப்பவர் கசகஸ்தான் என்று அடித்துச் சொன்னார். மூன்றாமவர், விமானி தற்கொலை, கதை முடிந்தது என்றார். எங்களில் ஒருவருக்கும் விமானத்தைப் பற்றி சீற் பெல்ற் போடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் உலகமே அப்படித்தான் இருந்தது. கோலாலம்பூர் விமான நிலையத்தில் மந்திரவாதி ஒருவர் தேங்காயோடு வந்து நின்றார். அமெரிக்கத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர், கருந்துளை ஏதாவது விழுங்கியிருக்குமா என்று நேரலையில் கேட்டார். மாலைதீவில் ஒரு தீவுச் சனம் தாழப் பறந்த விமானத்தைக் கண்டோம் என்றது. லட்சக்கணக்கான ஆட்கள் வீட்டிலிருந்தபடி செய்மதிப் படங்களில் கடலைத் துழாவினார்கள்.

"என்ன அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?" என்று ஒருவர் கேட்டார்.

நான் கோப்பியைக் குடித்துவிட்டு எழும்பிவிட்டேன். எனக்கு இந்த விளையாட்டுப் பழசு. 1998இல் ஒருக்கால் நன்றாக விளையாடியவன் நான். அதை இப்போதாவது எழுதி வைக்கவேண்டும்.

இப்போதைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பின்கதை சொல்லவேண்டும். 1995 கடைசியில் யாழ்ப்பாணம் இராணுவத்திடம் போனது. ஏ9 வீதி மூடிக் கிடந்தது. அந்த வீதியைப் பிடிப்பதற்கென்று 1997 மே மாதம் தொடங்கிய 'ஜயசிக்குறு' ஒன்றரை வருடமாக வன்னிக்குள் இழுபட்டுக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துச் சனம் கொழும்புக்கு வருவதென்றால் ஒன்றில் காங்கேசன்துறையில் கப்பலேறி திருகோணமலைக்குப் போகவேண்டும். அல்லது காசிருந்தால் பலாலியிலிருந்து இரத்மலானைக்குச் சின்ன விமானம். விசாவுக்கு, வைத்தியத்துக்கு, கலியாணத்துக்கு என்று போகிற சனம்தான் அதில் ஏறும்.

1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி லயன் எயர் நிறுவனத்தின் 602ஆம் இலக்கப் பறப்பு பலாலியிலிருந்து புறப்பட்டது. பெலரூஸ் நாட்டு நிறுவனமொன்றிடமிருந்து குத்தகைக்கு எடுத்த அன்ரனோவ் 24 ரக விமானம். பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர், மொத்தம் 55. பயணிகளில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத் தமிழர். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில், உள்ளே காற்றழுத்தம் குறைகிறது என்று விமானி அறிவித்ததாகச் செய்தி வந்தது. அதோடு ரேடாரிலிருந்து மறைந்துவிட்டது. இரத்மலானைக்கு அது வந்து சேரவேயில்லை.

இப்போது அந்தத் திகதியைத் திரும்பப் பாருங்கள். இரண்டு நாளுக்கு முன், செப்ரெம்பர் 27இல், புலிகளின் 'ஓயாத அலைகள் 2' தொடங்கியிருந்தது. 29ஆம் திகதியளவில் கிளிநொச்சி அவர்கள் கையில். அந்தப் பக்கம் மாங்குளத்தை இராணுவம் பிடித்தது. ரொறன்ரோவில் எங்களுக்குக் கிளிநொச்சி ஒன்றுதான் செய்தி. ஸ்காபரோவில் நிலக்கீழ் வீடொன்றில் ஆறு பொடியள் இருந்தோம். வேலை முடிந்து வந்து விடிய விடியத் தொலைபேசியும் வானொலியும்தான். வெற்றிச் செய்திக்கு நடுவில் ஒரு விமானம் காணாமற்போனது எங்களுக்கு இடைஞ்சலாக இருந்தது என்பதுதான் உண்மை. சொல்லக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

இடைஞ்சலை விளக்கம் சொல்லித் தள்ளவேண்டும் அல்லவா. ஆளுக்கொரு விளக்கம். இயக்கத்துக்கு நெருக்கமானவர், இராணுவமே சுட்டுவிட்டுப் பழியைப் போடுகிறது என்றார். மாற்று இயக்கத்தில் இருந்து வந்தவர், சந்தேகமே இல்லை, புலிதான் என்றார். 1995 ஏப்ரல் 28இலும் 29இலும் பலாலியில் அடுத்தடுத்து இரண்டு விமானப்படை அவ்ரோக்கள் ஏவுகணையால் விழுத்தப்பட்டதை அவர் விரல் விட்டுக் காட்டினார். இராணுவத்தினரை ஏற்றவேண்டாம் என்று அந்த நிறுவனத்துக்கு எச்சரிக்கை வந்திருந்ததாகச் செய்திகளும் வந்தன. இன்னொருவர், ரஷ்யக்காரரின் பழைய தகரம், தானாக விழுந்திருக்கும் என்றார். இன்றைக்கு யோசித்தால் ஒன்று தெரிகிறது. அங்கே ஒருவர்கூட விமானத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆளுக்காள் தங்கள் கட்சியைத்தான் பேசினோம். யார் சுட்டிருக்கக்கூடாது என்று முதலில் முடிவெடுத்துவிட்டு, அதற்கு ஏற்றபடி விமானத்தை விழுத்தினோம்.

என்னுடைய விளக்கம் இதையெல்லாம்விடக் கெட்டித்தனமானது. அன்ரனோவ் 24 தார் போடாத ஓடுபாதையிலும் இறங்கக்கூடிய விமானம் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். அது உண்மைதான். அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு, விமானத்தைக் கடத்தி வன்னிக்குள் இறக்கியிருக்கிறார்கள், சண்டை முடிந்ததும் சனத்தை விடுவார்கள் என்று ஒரு முழுக் கதை கட்டினேன். யாரும் சாகவில்லை, யாரும் கொலைகாரரும் இல்லை. எல்லாருக்கும் வசதியான கதை.

நாங்கள் இருந்த தெருவில் ஒரு அக்கா குடும்பம் இருந்தது. அவவின் தம்பி அந்த விமானத்தில் ஏறியிருந்தார். கொழும்புக்கு வந்து ஏஜென்சி மூலம் கனடா வரும் ஏற்பாடு. ஒருநாள் இரவு அக்கா எங்கள் படியில் வந்து நின்று கேட்டா.

"தம்பி, நீர் உதுகளெல்லாம் வாசிக்கிறனீர். உயிரோட இருப்பினமோ?"

"இருப்பினம் அக்கா. உந்த விமானம் மண்ணிலயும் இறங்கும். வன்னியிலதான் வைச்சிருக்கிறாங்கள். பயப்பிடாதேங்கோ."

அவ்வளவுதான் சொன்னேன். அக்கா அன்றிரவே ஊருக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறா. இரண்டு மூன்று கிழமை கழித்து, தமிழ்க்கடையில் ஒருவர் என் காதுக்குள் இரகசியம்போலச் சொன்னார்: "உள்ளுக்கிருந்து நம்பிக்கையான ஆள் சொன்னது. சனம் வன்னியில பத்திரமாம். அந்தப் பிளேன் மண்ணிலயும் இறங்குமாம்." என்னுடைய கதை யாழ்ப்பாணம் போய், வேறு யார் யாரோ வாயால் சுற்றி, சாட்சியத்தோடு என்னிடமே திரும்பி வந்திருந்தது. நான் மறுக்கவில்லை. ஒரு கணம், நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல என்றுகூட நினைத்தேன்!

பிறகு பேச்சு நின்றது. அந்தச் செயலுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. 2002இல் ஏ9 திறந்தபோது சனம் வன்னிக்குள்ளால் போய் வந்தது. அங்கே விமானமும் இல்லை, 55 பேரும் இல்லை. அதற்குப் பிறகும் அக்காவின் அம்மா அந்தியேட்டி செய்ய விடவில்லை. "உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் அந்தியேட்டி செய்வினமோ?" என்பாவாம். அந்த எண்ணத்தோடேயே அவவும் போய்ச் சேர்ந்தா.

2012 ஒக்ரோபரில், கைதான முன்னாள் போராளி ஒருவர் கொடுத்த தகவலை வைத்து, இரணைதீவுக்கு அண்மைக் கடலில் கடற்படையினர் விமானத்தின் சிதைவுகளைக் கண்டுபிடித்தார்கள். பதினான்கு வருடம். இரணைதீவுச் சனம் 1992இலேயே இடம்பெயர்ந்து, 2018இல்தான் திரும்பிப் போனது. விமானம் விழுந்தபோது அந்தக் கரையில் பார்த்துச் சொல்ல ஊரே இருக்கவில்லை. புலிகள் தோளில் வைத்து ஏவும் ஏவுகணையால் சுட்டு விழுத்தினார்கள் என்பதே இன்று பதிவில் இருப்பது. தடுப்பில் இருப்பவர் சொல்வதை நம்பலாமா என்று சிலர் கேட்பார்கள். எங்கள் நாட்டு அனுபவத்தில் அது நியாயமான கேள்விதான். ஆனால் அவர் இடத்தைச் சொன்னார், விமானம் அந்த இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகும் வேறு கதை கட்ட எனக்கு வாய் வரவில்லை.

2014 ஜனவரியில், கடலிலிருந்து எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் பரப்பி வைத்தார்கள். அக்காவின் சொந்தக்காரர் போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சேட் அவருடையது மாதிரியும் இருந்ததாம், இல்லாத மாதிரியும் இருந்ததாம். அது போதும் என்று சொல்லி, கீரிமலையில் கிரியை செய்தார்கள்.

சரியாக இரண்டு மாதத்தில், மார்ச் 8இல், 239 பேருடன் மலேசிய விமானம் மறைந்தது. ஒரு தலைமுறைக்குள் நான் கண்ட இரண்டாவது ஊகத் திருவிழா.

ஊகம் எல்லாம் ஒன்றல்ல என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். ரேடாரிலிருந்து மறைந்த பிறகும் அந்த விமானத்தின் கருவி ஏறக்குறைய மணிக்கொரு தடவை செய்மதியோடு 'நான் இருக்கிறேன்' என்று தொடர்புகொண்டிருக்கிறது. கடைசித் தொடர்பு மலேசிய நேரம் காலை 8.19. அந்தச் சமிக்ஞை போய்வர எடுத்த நேரத்தையும் அதன் அலைவரிசை மாற்றத்தையும் கணக்குப் போட்டு, விமானம் இந்து சமுத்திரத்தின் தெற்கே போயிருக்கிறது என்றார்கள் பொறியியலாளர்கள். அதுவும் ஒரு ஊகம்தான். ஆனால் கணக்கை மேசையில் வைத்துவிட்டுச் சொன்ன ஊகம். பிழையென்றால் யாரும் பிழை பிடிக்கலாம். 2015 யூலையில் ரீயூனியன் தீவுக் கரையில் அந்த விமானத்தின் இறக்கைப் பாகம் ஒதுங்கியபோது, கசகஸ்தான் கதை தானாகச் செத்தது. 120,000 சதுர கிலோமீற்றர் கடலடியைத் தேடிய பிறகும் விமானம் அகப்படவில்லை. 2018 யூலை அறிக்கை காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டது. தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு 239 குடும்பங்களின் முன் தைரியம் இருந்தது. எனக்கு ஒரு அக்காவின் முன் இருக்கவில்லை.

2020 ஜனவரி 8இல் தெஹ்ரானில் கிளம்பிய உக்ரேனிய விமானம் விழுந்து 176 பேரும் இறந்தபோது, ஈரான் முதலில் இயந்திரக் கோளாறு என்றது. மூன்றாம் நாள், நாங்கள்தான் தவறாகச் சுட்டோம் என்று ஒப்புக்கொண்டது. அந்த விமானத்தில் 138 பேர் கனடாவுக்கு வந்துகொண்டிருந்தவர்கள். இங்கே அந்தக் குடும்பங்கள் இன்னும் நீதி கேட்டு நிற்கின்றன. ஆனால் சுட்டது யார் என்று கேட்டு வருடக்கணக்காக வாசலில் நிற்கவேண்டி வரவில்லை. மூன்று நாளுக்கும் பதினான்கு வருடத்துக்கும் இடையில்தான் என்னைப் போன்றவர்களின் கதைகள் வளர்கின்றன.

நான் இப்போது இருக்கிற அஜக்ஸுக்குப் பெயர் வந்ததே ஒரு போர்க்கப்பலிலிருந்து. 1939 டிசம்பரில் ஜேர்மன் கப்பல் கிராஃப் ஸ்பீயோடு மோதிய பிரித்தானியக் கப்பல்தான் அஜக்ஸ். ஹார்வூட் அவெனியூ அந்தச் சண்டையை நடத்திய தளபதியின் பெயர். இங்கே எத்தனையோ தெருக்களுக்கு அந்தக் கப்பலின் மாலுமிகளின் பெயர்தான். பெடியளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கப் போகும்போது யாரோ ஒரு மாலுமியின் பெயரைத்தான் தாண்டிப் போகிறேன். எங்கள் 55 பேரின் பெயர்ப்பட்டியலை ஒரு தமிழ் மேடையில் யாராவது வாசித்து நான் கேட்டதில்லை. எந்தத் தரப்பின் நினைவு நாளிலும் அவர்களுக்கு இடமில்லை. நாங்கள் கட்டிய கதைகளில் அவர்கள் வெறும் எண்ணிக்கை.

அந்தச் சனிக்கிழமை கோப்பிக் கடையிலிருந்து நேரே ஸ்காபரோவுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். ரி.வியில் பெய்ஜிங் ஹோட்டலில் சீனத் தாய்மார் அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்தபடி, "பாவங்கள். உவைக்கு ஆரும் ஆறுதல் சொல்லாமல் இருந்தால் போதும்" என்றா.

நான் சொன்னேன்: "அக்கா, அண்டைக்கு வன்னியில இருக்கினம் எண்டு சொன்னது நான்தான். எனக்கு ஒண்டும் தெரியாது. சும்மா சொன்னனான்."

"தெரியும் தம்பி" என்றா. "அம்மா சாகுமட்டும் உம்மடை பேரையும் சொல்லித்தான் கும்பிட்டவ. நல்ல சேதி சொன்ன பிள்ளையெண்டு."

பிறகு தேத்தண்ணி போட எழும்பிப் போனா. நான் ரி.வியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருந்தேன்.