கோடைத் தோட்டமும் நம் நில உரிமையும்

சித்திரைத் திங்களில் அக்கினி நட்சத்திரத்து வெயில் மண்ணைப் பிளக்கும் வேளையில், ஏழைக் குடும்பத்தின் சோற்றுத் தட்டிலிருந்து முதலில் மறைவது பச்சைக் காய்கறியே ஆகும். அந்நாளிலும் தன் குடிசைப் பின்புறத்தில் நான்கு வெண்டைச் செடியும் ஒரு பூசணிக் கொடியும் ஒரு பாத்தித் தண்டுக்கீரையும் வைத்திருக்கும் குடும்பம் பிறர் கையை எதிர்பார்ப்பதில்லை. காண்பதற்கு இஃது எளிய செயலே. ஆயினும் இதற்கு இரண்டு பொருள்கள் இன்றியமையாதன. ஒன்று, நாளை எவரும் பறித்துக்கொள்ளார் என்னும் உறுதியுள்ள நிலம். மற்றொன்று, தடையின்றி மொண்டு ஊற்றத்தக்க நீர். இவ்விரண்டும் நம் முன்னோர்க்கு எவ்வாறு மறுக்கப்பட்டன, அவற்றிற்காக அவர்கள் எவ்வாறு போராடினர் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

மாசித் திங்களில் ஊன்றிய பூசணி விதை, காயாகிக் கைக்கு வர மூன்று திங்கள் ஆகும். ஆகவே, அம்மூன்று திங்களும் தான் அவ்விடத்தில் இருப்போம் என்ற உறுதி உடையவனே விதை ஊன்றுவான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கற்பட்டு மாவட்டச் சேரிகளில் அவ்வுறுதி இருந்ததில்லை. நம் மக்கள் குடியிருந்த மனையும் அதன் புழைக்கடையும் மிராசுதார்களுக்கு உரியவை எனப்பட்டன. கூலி குறைவு என்று குரல் எழுப்பியவன் மறுநாளே வீடிழக்க நேரிடும். தரிசு நிலத்தைக் கேட்டு விண்ணப்பித்தாலும், முன்னுரிமை மிராசுதாருக்கே இருந்தது.

இந்நிலையை 1891ஆம் ஆண்டில் அரசுக்கு எழுத்து வடிவில் எடுத்துரைத்தவர், அம்மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய ட்ரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர். உழைக்கும் மக்களுக்கு நிலமும் குடியிருப்பு மனையும் கல்வியும் வேண்டும் என்பது அவர் அறிக்கையின் சாரம். அதனைத் தொடர்ந்து 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் 1010ஆம் எண்ணுள்ள வருவாய்த் துறை அரசாணை பிறந்தது. பிற்காலத்தில் ‘பஞ்சமி நிலம்’ என்று வழங்கலாயிற்று நமக்கு ஒப்படை செய்யப்பட்ட நிலம். சென்னை மாகாணத்தில் அவ்வாறு அளிக்கப்பட்டது 12 இலட்சம் ஏக்கர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. முதல் பத்து ஆண்டுகளுக்கு அந்நிலத்தை விற்றலோ, அடகு வைத்தலோ, குத்தகைக்கு விடுதலோ கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு மாற்றலாகாது. மீறினால் அம்மாற்றம் செல்லாது என்பன அதன் நிபந்தனைகள்.

நிலம் கிடைத்தது, நீர் கிடைத்ததா? கிடைத்தவற்றுள் பெரும்பகுதி மேட்டுத் தரிசு. கிணறு வெட்டப் பணமில்லை. கவலை இறைக்க மாடில்லை. ஊர்ப் பொதுக் கிணற்றிலோ நம் குடம் தீண்டலாகாது. யாரேனும் இரங்கி ஊற்றும் வரை வெயிலில் காத்து நின்ற பெண்களின் துயரம் ஏட்டில் அடங்காது. 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லார்க்கும் பொது என்று தீர்மானம் கொணர்ந்தார். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் மகாத் நகரில் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். பின்னர் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளங்களைப் பயன்படுத்துவதில் வேற்றுமை பாராட்டலாகாது என்று விதித்தது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

நீர் அரிதாயிருந்த அக்காலத்திலும் நம் மூதாட்டியர் தோட்டத்தைக் கைவிட்டாரில்லை. தொலைவிலிருந்து இடுப்பில் சுமந்து வந்த நீரில் அரிசி களைவர்; அக்கழுநீரைப் பூசணித் தூரில் ஊற்றுவர். குழி தோண்டி எருவிட்டு, அதில் மூன்று விதை ஊன்றி, மேலே சருகு பரப்பி ஈரத்தைக் காப்பர். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டுமே நீர் விடுவர். உச்சிவேளையில் ஊற்றிய நீர் வெயிலுக்கே இரையாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எழுத்தறியாதவர்கள் எனப்பட்டவர்களின் வேளாண் அறிவு இது.

நீரும் பொருளும் இன்றி வாடிய குடும்பங்களிடமிருந்து, கடனுக்கு ஈடாகவும் வெற்றுத் தாளில் பெற்ற கைந்நாட்டாலும் பஞ்சமி நிலங்கள் பிறர் கைக்கு மாறின. நிபந்தனையைச் சொல்லிக்கொடுப்பார் இல்லாததே பெருங்காரணம். 1994ஆம் ஆண்டில் செங்கற்பட்டை அடுத்த காரணையில் அந்நிலத்தை மீட்கக் கிளர்ந்தெழுந்தனர் மக்கள். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் துறந்தனர். ஒரு பாத்தி நிலத்தின் விலை என்னவென்று அவ்விருவரும் நமக்கு உணர்த்திச் சென்றனர்.

இளைஞர்களே! கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் நிலத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று எண்ணற்க. கைந்நாட்டு வைத்ததனால் போன நிலத்தைக் கையெழுத்து அறிந்தவரே மீட்க இயலும். வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சென்று நம் ஊரின் ‘அ’ பதிவேட்டையும் சிட்டா, அடங்கலையும் படித்துப் பாருங்கள்; எந்தப் புல எண் எவர்க்கு ஒப்படை செய்யப்பட்டது என்று குறித்து வாருங்கள். எஞ்சியிருக்கும் நிலத்தில், வீட்டிற்கு ஒரு பாத்தியாகப் பிரித்துக்கொண்டு, முறை வைத்து நீர் பாய்ச்சிக் கோடை விடுமுறையில் கூட்டுத் தோட்டம் இடுங்கள். வெறுமனே கிடக்கும் நிலம் அயலாரின் கண்ணை ஈர்க்கும். வெண்டையும் வெள்ளரியும் காய்த்து நிற்கும் நிலமோ, உரியவர் இங்கு உள்ளார் என்று ஊருக்கு அறிவிக்கும். ஏட்டுக் கல்வியும் ஏர்க் கல்வியும் ஒருங்கே நம்மிடம் இருக்குமாயின், வரும் சித்திரையில் நம் குழந்தைகளின் தட்டில் கீரை இருக்கும். அக்கீரை நம் நிலத்தில் விளைந்ததாகவும் இருக்கும்.