பெயர் தாங்கிய சுவர்

செக் நாட்டின் தலைநகரான பிராக், இடைக்காலக் கட்டடங்கள் பல இன்றும் சிதையாது நிற்கும் நகரம். அதன் பழைய நகரச் சதுக்கத்திற்கு வடக்கே யோசெபோவ் என்னும் பகுதி உள்ளது. யூதர்மீதிருந்த தடைகள் சிலவற்றை 1781இல் தளர்த்திய பேரரசர் இரண்டாம் யோசேப்பின் பெயரே பிற்காலத்தில் இதற்கு இடப்பட்டது. பழைய யூதர் குடியிருப்பைக் காணும் ஆவலோடு செல்வோரை அகன்ற தெருக்களும் உயர்ந்த மாளிகைகளுமே எதிர்கொள்ளும். குறுகிய சந்துகளும் நெருங்கிய வீடுகளும் 1890களில் தொடங்கிய நகரச் சீரமைப்பில் இடிக்கப்பட்டன. தொழுகைக்கூடங்கள் சிலவும், யூதர் நகர மன்றமும், இடுகாடும் எஞ்சின.

அவ்விடுகாடு காண்போரை நெடுநேரம் நிறுத்திவிடும். ஏறத்தாழ 12,000 கல்லறைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. யூதர்க்கு வாழ ஒதுக்கிய நிலமும் சிறிது. புதைக்க ஒதுக்கிய நிலமும் சிறிது. புதைத்த உடலை அகற்றுவதோ அவர்தம் சமய நெறிக்கு ஒவ்வாதது. ஆகவே மண் கொணர்ந்து கொட்டிப் பழைய குழிகளின் மேலேயே புதைத்தனர். கீழிருந்த கற்களையும் எடுத்து மேலே நட்டனர். இவற்றுள் மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டினது. அவிக்தோர் காரா என்னும் மதகுருவின் பெயரைத் தாங்கியது. 1389இல் இக்குடியிருப்பில் நிகழ்ந்த படுகொலையில் உயிர் பிழைத்த அவர், மாண்டோர்க்காக எபிரேய மொழியில் இரங்கற்பா இயற்றியவர்.

இடுகாட்டை அடுத்துப் பிங்காஸ் தொழுகைக்கூடம் உள்ளது. நாஜிகள் கொன்ற பொகீமிய, மொராவிய யூதர் ஏறத்தாழ 78,000 பேர்க்குக் கல்லறை ஏது? அவர்தம் பெயர்களை 1950களில் இக்கூடத்தின் சுவர்களில் கையால் எழுதினர். நிலத்தடி நீர் சுவரேறியதால் 1968இல் கூடம் மூடப்பட்டது, எழுத்துகள் சிதைந்தன. ஆட்சி மாறிய பின்னரே, 1992 முதல் 1996 வரை, அத்தனை பெயர்களும் மீண்டும் எழுதப்பட்டன. நீர் புகுந்தது உண்மையே; ஆயினும் ஒரு சுவரைச் செப்பனிட இத்துணை ஆண்டுகள் தேவையா என்னும் வினா எழாமற் போகாது.

ஆசிரியராயினார் இக்கூடத்தின் மேல்மாடிக்கும் செல்லுதல் வேண்டும். தெரேசியென்சுதாத்து முகாமில் அடைபட்ட சிறுவர்க்கு ஓவியம் கற்பித்தவர் பிரீடல் திக்கர் பிராண்டைஸ் என்னும் அம்மையார். வரைந்த படத்தில் தம் பெயரை எழுதுமாறு அவர் மாணாக்கரைப் பணிப்பார். 1944 அக்டோபரில் அவரும் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் அடைத்து முகாமிலேயே விடப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் அழியாது கிடைத்தன. அவற்றுட் சில மேல்மாடியில் காட்சிக்கு உள்ளன. படங்களின் ஓரத்தில் சிறுவர் எழுதிய பெயர்கள் பல, கீழே சுவரிலும் உள்ளன.