சூரியன் நேராகப் போகுமா, வளைந்து போகுமா?

2012-இல் இங்கிலாந்தின் பேஃபோர்ட்பரி வானாய்வகத்தில், ஒரு தொலைநோக்கியின் மேல் பீர் டின் ஒன்றைக் கட்டிவைத்தார் ரெஜினா வால்கன்பர்க். அப்போது ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் நுண்கலை மாணவி. டின்னில் ஓர் ஊசித்துளை, உள்ளே சுருட்டிய போட்டோ தாள், அவ்வளவுதான். எல்லாரும் மறந்துபோன அந்த டின்னை 2020 செப்டம்பரில் கழற்றியபோது, தாளில் 2,953 சூரியத் தடங்கள் மேடு மேடாக அடுக்கடுக்காகப் பதிந்திருந்தன.

அதே தாளைத் தட்டையான பெட்டிக்குள் வைத்திருந்தால் படமே வேறு. இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களின் தடம் நேர்கோடாக விழுந்திருக்கும். கோடைத் தடங்கள் ஒரு பக்கமும் குளிர்காலத் தடங்கள் மறுபக்கமும் வளைந்திருக்கும். சூரியக் கடிகாரம் அமைத்தவர்களுக்கு இது பழைய செய்தி: குச்சி முனையின் நிழல் அந்த நாட்களில் மட்டும் தரையில் நேராக நகரும். கட்டடத்தின் விளிம்பைக் கோணாமல் காட்டும் வைட் ஆங்கிள் லென்ஸுக்கும் இதே கணக்குதான்.

அதற்கு விலை உண்டு. படத்தின் நடுவிலிருந்து 45 டிகிரி தள்ளிப் போனால் வட்டமான சூரியன் நீள்வட்டமாகிறது. நீளம் அகலத்தைப்போல் 1.4 மடங்கு. 90 டிகிரியில் இழுவைக்கு எல்லையே இல்லை. ஆகவே, உச்சி முதல் அடிவானம் வரை முழு வானத்தை இந்த வகை லென்ஸால் ஒரே படத்தில் பிடிக்க முடியாது.

அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906-இல் வேறு வழி காட்டினார். வாளியின் அடியில் போட்டோ தகடு, பாதி உயரத்தில் சிறு துளை, மிச்சமெல்லாம் தண்ணீர். நீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு மேலுலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும் அல்லவா, அதைத்தான் அவர் படமாக்கினார். ‘ஃபிஷ் ஐ’ என்ற பெயரும் அவர் வைத்ததே.

தண்ணீருக்குப் பதில் கண்ணாடியைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜின் ராபின் ஹில். பின்னாளில் ஒளிச்சேர்க்கை ஆய்வில் ‘ஹில் வினை’ என்று பாடநூலில் ஏறிய அதே ஹில்தான். அப்போது அவருக்கு மேகங்கள்மேல் ஆசை. 1924-இல் அவர் விவரித்த லென்ஸை லண்டனின் பெக் நிறுவனம் செய்துகொடுத்தது. வட்டப் படத்தின் நடுவில் உச்சிவானம், விளிம்பில் அடிவானம், 45 டிகிரி ஏறக்குறைய பாதி வழியில். ஆக, ஸ்கேலை வைத்தே கோணத்தைப் படித்துவிடலாம். இதிலும் கோணல் இல்லாமலில்லை. விளிம்பருகே சூரியன் பக்கவாட்டில் ஒன்றரை மடங்கு அகன்றுவிடும், படத்தின் நடுவழியே போகாத நேர்கோடுகள் எல்லாம் வளையும். ஆனால் அழகை விட்டுக்கொடுத்து அளவை வாங்கிய பேரம் அது. நல்ல பேரம் என்றே சொல்ல வேண்டும்.

அதன் பலனை முதலில் அறுவடை செய்தவர்களில் காட்டு ஆய்வாளர்களும் உண்டு. 1959-இல் வெளியான ஆய்வுக்காக எவான்ஸ், கூம்ப் இருவரும் மரங்களின் அடியில் ஹில் கேமராவை வானம் பார்க்க வைத்துப் படமெடுத்தார்கள். வெவ்வேறு மாதங்களின் சூரியத் தடங்களை அதன்மேல் பொருத்தினார்கள். தடம் இலைகளின் இடைவெளியைக் கடக்கும் நேரமே, தரையில் வெயில் விழக்கூடிய நேரம். அண்ணாந்து எடுத்த படம் என்பதால் வடக்கை மேலே வைத்தால் கிழக்கு இடப்பக்கம் வரும். வரைபடப் பழக்கத்தில் பார்ப்பவர் தடுமாறுவது இங்கேதான்.

இன்று கூரையில் சோலார் பலகை வைக்குமுன், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த மாதம், எத்தனை மணிக்கு விழும் என்று பார்ப்பதற்கும் இதே முறை கைகொடுக்கிறது. லென்ஸுக்கு லென்ஸ் வளைவு மாறுவதால், ஒன்றுக்குப் போட்ட தடத்தை இன்னொன்றின் படத்தில் வைத்தால் நிழல் நேரம் தப்பாகிவிடும்.