பதிவேட்டில் பேரில்லாத பொண்டாட்டி

எங்க தாத்தா ஒரு நீல அட்டை போட்ட நோட்டு வச்சிருந்தார். பிள்ளைங்க பொறந்த வருஷம், மாசம், நட்சத்திரம், நாழிகை எல்லாம் ஜாதகம் கணிக்கிறதுக்காக எழுதி வச்ச நோட்டு. மொத்தம் ஏழு பிறப்பு. போன மாசம் பரண்ல இருந்து எடுத்துப் புரட்டினப்பதான் உறைச்சுது. ஏழுலயும் பெத்தவ பேரு இல்லை! "புத்ர ஜனனம்", "புத்ரி ஜனனம்", அவ்வளவுதான். ஏழு தடவை செத்துப் பொழைச்ச பாட்டி அந்த நோட்டுல எங்கயுமே இல்லை.

உடனே ஞாபகத்துக்கு வந்தது இன்னொரு தம்பதி. இங்கிலாந்துல ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊர்க்காரங்க. வில்லியம் ஷேக்ஸ்பியர், ஆன் ஹாத்வே. எழுதியே உலகத்தைக் கட்டிப்போட்ட மனுஷன்தான். ஆனா புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல போன ஒரு கடுதாசி கூட நமக்குக் கிடைக்கலை. அவங்க குடும்பத்தைப் பத்தித் தெரிஞ்சதுல பெரும்பகுதி சர்ச் பதிவேடு, உயில், பத்திரம்னு பொறுக்கிச் சேர்த்ததுதான்.

வாங்க, ஆனைத் தேடுவோம்.

முதல்ல அவங்க அப்பா ரிச்சர்ட் ஹாத்வே 1581 செப்டம்பர்ல எழுதின உயில். கல்யாணத்தன்னிக்கு மகளுக்கு 10 மார்க் தரணும்னு இருக்கு (6 பவுன், 13 ஷில்லிங், 4 பென்ஸ்). ஆனா மக பேரு "ஆக்னெஸ்"னு இருக்கு. ஆக்னெஸும் ஆனும் அந்தக் காலத்துல ஒண்ணுதானாம். நம்ம ஊர்ல வீட்ல கூப்பிடற பேரு ஒண்ணு, பத்திரத்துல ஒண்ணு இருக்கிற மாதிரி.

அடுத்த வருஷமே கல்யாணம். வூஸ்டர் பிஷப்போட பதிவேட்டுல 1582 நவம்பர் 27ன்னு தேதி போட்டு ஒரு லைசென்ஸ் பதிவு. மாப்பிள்ளை பேரு சரியா இருக்கு. பொண்ணு பேரு? "டெம்பிள் கிராஃப்டன் ஊர் ஆன் வேட்லி". மறுநாள் ரெண்டு விவசாயிங்க 40 பவுனுக்குக் கையெழுத்துப் போட்ட ஜாமீன் பத்திரத்துல ஆன் ஹாத்வே. ரெண்டு பொண்ணுங்களான்னு ஆளாளுக்குக் கதை கட்டினாங்க. விஷயம் சப்புன்னு இருக்கு :-) அதே நாள்ல வேட்லிங்கிற பேர்ல வேற ஒரு வழக்கும் அந்த ஆபீஸ்ல பதிவாகியிருக்கு. குமாஸ்தா கை தடுமாறிட்டார்னுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க.

ஜாமீன் எதுக்கு? வழக்கமா சர்ச்சுல மூணு தடவை ஓலை வாசிக்கணும். இவங்க ஒரே தடவை வாசிச்சாப் போதும்னு அனுமதி வாங்கினாங்க. அவசரத்துக்குக் காரணம் அடுத்த பதிவுலயே தெரியும். 1583 மே 26, மூத்த பொண்ணு சுசானாவுக்கு ஞானஸ்நானம். கல்யாணமாகி ஆறே மாசம். மாப்பிள்ளைக்கு வயசு 18, பொண்ணுக்கு 26.

1585 பிப்ரவரி 2ல இரட்டைக் குழந்தைங்க, ஹாம்னெட், ஜூடித். 1596 ஆகஸ்ட் 11ல அந்த ஹாம்னெட்டைப் புதைச்ச பதிவு. பையனுக்குப் பதினோரு வயசு. இந்தக் குழந்தைப் பதிவு எல்லாத்துலயும் "வில்லியம் ஷேக்ஸ்பியரின் மகள்", "மகன்"னுதான் இருக்கு. அம்மா பேரு ஒண்ணுல கூட இல்லை. பெத்தப்பவும் இல்லை, பறிகொடுத்தப்பவும் இல்லை. இதைப் படிக்கிறப்பதான் தாத்தாவோட நோட்டு கண்ணு முன்னாடி வந்துச்சு.

1616ல ஷேக்ஸ்பியர் எழுதின உயில் எல்லாருக்கும் தெரிஞ்சது. பெரிய சொத்தெல்லாம் மூத்த பொண்ணுக்கு. "என் மனைவிக்கு" ரெண்டாவது நல்ல கட்டில். அதுவும் வரிக்கு நடுவுல இடுக்கி எழுதின சேர்க்கை. இங்கயும் பேரு கிடையாது. பொண்டாட்டி மேல வெறுப்புன்னு ஒரு கோஷ்டி. நல்ல கட்டில் விருந்தாளிக்கு, ரெண்டாவதுதான் தம்பதி படுத்தது, அதனால பாசம்னு இன்னொரு கோஷ்டி. காகிதம் ரெண்டையும் சொல்லலை. நாமதான் சொல்லிக்கிறோம்.

1623 ஆகஸ்ட் 8, ஆனைப் புதைச்ச பதிவு. "மிஸஸ் ஷேக்ஸ்பியர்". அவ்வளவுதான்.

அப்ப ஆன் எங்கதான் இருக்காங்க? எனக்குப் பிடிச்சது 1601ல எழுதின ஒரு சின்ன உயில். ஆனோட அப்பாகிட்ட ஆடு மேய்ச்ச தாமஸ் விட்டிங்டன்ங்கிறவர் எழுதினது. ஸ்ட்ராட்ஃபோர்ட் ஏழைங்களுக்கு 40 ஷில்லிங் தரச் சொல்றார். அந்தப் பணம் யார் கையில இருக்கு? வில்லியம் ஷேக்ஸ்பியர் மனைவி ஆன் ஷேக்ஸ்பியர் கையில. பேரு போட்டு எழுதியிருக்கார்! நாடகக் கணவர் கட்டிலோட நிறுத்திக்கிட்டார். அப்பா வீட்டு ஆட்டுக்காரர்தான் ஆனைக் கணக்கு வழக்குள்ள ஒரு மனுஷியா எழுதி வச்சுட்டுப் போயிருக்கார்.

இன்னொண்ணு, சர்ச்சுல அவங்க கல்லறை மேல இருக்கிற பித்தளைத் தகடு. 1623 ஆகஸ்ட் 6ல செத்தப்ப வயசு 67ன்னு அதுல இருக்கு. ஸ்ட்ராட்ஃபோர்ட் பதிவேடு ஆரம்பிக்கிறதே 1558லதான். அதுக்கு முன்னாடி பொறந்த ஆனோட வயசு நமக்குத் தெரியறது அந்தத் தகட்டாலதான். கீழ இருக்கிற லத்தீன் செய்யுள், பால் கொடுத்து வளர்த்த தாயைப் பார்த்துப் பிள்ளை பேசற மாதிரி இருக்கு. குழந்தைப் பதிவுல விட்டுப்போன அம்மா, கடைசியில பிள்ளை வாக்குலதான் திரும்பி வந்தாங்க.

படிச்சு முடிச்சதும் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். பாட்டி பேரு என்னம்மான்னு கேட்டா ரெண்டு பேரு சொன்னாங்க, பொறந்த வீட்ல வச்சது ஒண்ணு, புகுந்த வீட்ல மாத்தினது ஒண்ணு. ரெண்டையும் அந்த நீல நோட்டுல, ஏழு ஜனனத்துக்கும் மேல, பேனாவால எழுதிட்டேன். பாட்டி எந்த வருஷம் பொறந்தாங்கன்னு கேட்டேன். அது அம்மாவுக்கே தெரியலை.

உங்க வீட்ல பெரியவங்க இருந்தா இன்னிக்கே கேட்டு எழுதி வச்சிடுங்க.